இரவு வானம் ஏன் வெளுக்கிறது? ஒளி மாசு: ஓர் எளிய அறிமுகம்

மேகமும் நிலவும் இல்லாத இரவில், விளக்கு வெளிச்சமே எட்டாத ஓர் இடத்தில் நின்று மேலே பார்த்தால், நல்ல கண்ணுக்கு ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 விண்மீன்கள் தெரியும். அதே இரவில், அதே மணிக்கு, ஒரு பெருநகரத்தின் நடுவில் நின்று பார்த்தால் நூறு கூடத் தேறாது. விண்மீன்கள் மங்கிவிடவில்லை. அவற்றுக்கும் நமக்கும் இடையில் இருக்கும் காற்று ஒளிர ஆரம்பித்துவிட்டது. மங்கலான விண்மீனின் ஒளி அந்த வெளிறலுக்குள் கரைந்துபோகிறது.

இப்படிக் காற்று ஒளிர்வதை வான் ஒளிர்வு என்கிறோம். ஒளி மாசு என்ற பெயருக்குள் இன்னும் இரண்டு தொல்லைகள் அடங்கும். ஒன்று கண்கூச்சம்: விளக்கின் ஒளி நேரே கண்ணில் விழுந்து, பார்க்க வேண்டியதையே மறைப்பது. இன்னொன்று எல்லை தாண்டும் வெளிச்சம்: தெருவுக்காக வைத்த விளக்கு படுக்கையறைச் சுவரில் அடிப்பது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். வெளிச்சம் தேவைப்படாத இடத்துக்குப் போகிறது. எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுவதைவிட, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்க்கிறது, என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்ப்பது அதிகம் சொல்லும்.

கிடைமட்டத்துக்குச் சற்று மேலே

மேல்நோக்கிப் போகும் ஒளியில் பெரும்பகுதி விண்வெளிக்குத் தப்பிவிடும். ஒரு பகுதி காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் நீர்த்துளிகளிலும் பட்டுச் சிதறி, மறுபடி கீழே வருகிறது. எவ்வளவு சிதறும் என்பது காற்றுக்குள் அது கடக்கும் தூரத்தைப் பொறுத்தது. செங்குத்தாக மேலே போகும் கதிர் அடர்த்தியான காற்றைச் சில கிலோமீட்டரில் தாண்டிவிடுகிறது. கிடைமட்டத்துக்கு ஐந்து, பத்து பாகை மேலே சாய்வாகக் கிளம்பும் கதிரோ தூசி நிறைந்த தாழ்வான காற்றுக்குள்ளேயே வெகுதூரம் ஓடுகிறது. பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வானத்தையும் அதுதான் வெளுக்கச் செய்கிறது. ஆகவே நேரே மேல்நோக்கி எரியும் அலங்கார விளக்கைவிட, கொஞ்சம் தூக்கிவைத்த சாதாரண ஃப்ளட் லைட் தொலைவில் இருக்கும் வானத்துக்கு அதிகக் கேடு செய்யும். பார்வைக்கு இது தெரியாது என்பதால்தான் அலங்கார விளக்குக்கு வசவு விழுகிறது, ஃப்ளட் லைட் தப்பிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விளங்கும். பெரும்பாலான எல்இடி ஃப்ளட் லைட்டுகளின் ஒளிவிரிவு 120 பாகை. அதாவது நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 60 பாகை. முகம் நேரே தரையைப் பார்க்கும் நிலையைச் சுழியம் என்று வையுங்கள். அதிலிருந்து 45 பாகை தூக்கிவைத்தால் (பலரும் வைப்பது இப்படித்தான்) மேல்விளிம்புக் கதிர் 45 + 60 = 105 பாகையில் போகும். கிடைமட்டம் 90 பாகை. ஆக, குறைந்தது 15 பாகை வரை வானத்துக்குக் கசிவு. அதுவும் மேலே சொன்ன மோசமான கோணத்தில். அதே விளக்கை 30 பாகைக்கு இறக்கினால் விளிம்பு சரியாகக் கிடைமட்டத்தில் நிற்கும், கசிவு வெகுவாகக் குறையும். ஒரு திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்கும் வேலைதான்.

எல்லா விளக்கையும் தரை பார்க்கத் திருப்பிவிட்டாலும் வானம் முழுக்கக் கறுத்துவிடாது. தரையும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தார்ச்சாலை தன்மேல் விழுவதில் சுமார் பத்தில் ஒரு பங்கைத் திருப்பும். வெளிர்நிறக் கான்கிரீட் அதைவிடப் பல மடங்கு. அதனால் திசையைச் சரிசெய்தபின் அளவையும் குறைத்தாக வேண்டும்.

ஊரைவிட்டு விலகினால் நிலைமை எவ்வளவு வேகமாகத் தேறும்? 1970களில் மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் அளந்து சொன்ன தோராய விதி இன்றும் பயன்படுகிறது: நகரத்தால் வரும் வான் ஒளிர்வு அதன் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும், தூரத்தின் இரண்டரை அடுக்குக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். தூரம் இரட்டிப்பானால் ஒளிர்வு ஐந்தரை மடங்குக்கு மேல் குறையும். 10 கிலோமீட்டரிலிருந்து 20க்குப் போவது வானத்தைத் தலைகீழாக மாற்றிவிடும். 60லிருந்து 70க்குப் போவதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நீலத்தின் சங்கதி

காற்று மூலக்கூறுகள் எல்லா நிறத்தையும் ஒரே அளவு சிதறடிப்பதில்லை. சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதம். 450 நானோமீட்டர் நீலம், 600 நானோமீட்டர் ஆரஞ்சைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகமாகச் சிதறும். வெள்ளை எல்இடியின் உள்ளே இருப்பது உண்மையில் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலச் சில்லுதான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை மற்ற நிறங்களாக மாற்றுகிறது. மிச்ச நீலம் அப்படியே வெளியே வருகிறது. பழைய தாழ் அழுத்த சோடியம் விளக்கு ஏறக்குறைய முழு ஒளியையும் 589 நானோமீட்டர் மஞ்சளிலேயே கொட்டியது. பார்க்க அழகில்லை, நிறமும் பிரித்தறிய முடியாது. ஆனால் வானியலாளர்களுக்கு அது வரம், அந்த ஒற்றை நிறத்தை மட்டும் வடிகட்டிவிடலாம்.

இதோடு நம் கண்ணும் சேர்ந்துகொள்கிறது. இருட்டில் வேலை செய்யும் விழித்திரைக் கோல் செல்களின் உணர்திறன் 500 நானோமீட்டரை ஒட்டி உச்சத்தில் இருக்கும். ஆகவே நீலம் கலந்த வான் ஒளிர்வு, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இன்னும் பிரகாசமாகத் தெரியும்.

நீலத்தால் விளைந்த ஒரு வேடிக்கை உண்டு. இரவில் பூமியின் வெளிச்சத்தை அளக்கும் விஐஐஆர்எஸ் செயற்கைக்கோள் கருவி 500 முதல் 900 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். நீலம் அதற்குத் தெரியாது. சோடியம் விளக்கைக் கழற்றி வெள்ளை எல்இடி மாட்டிய நகரங்கள் அந்தக் கருவியின் கணக்கில் இருண்டுபோனதாகக்கூடப் பதிவாகும். 2012 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் தரவு, ஒளியூட்டப்பட்ட நிலப்பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு கூடுவதாகக் காட்டியது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் வெறும் கண்ணால் விண்மீன்களைப் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளை 2023இல் தொகுத்தபோது கிடைத்த விடை வேறு: வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடியிருக்கிறது. அந்த வேகத்தில் எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பாகும். இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும், வானத்தின் நிலையை அறியச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை.

விளக்கின் நிறத்தைப் பெட்டியில் கெல்வின் எண்ணாக அச்சிட்டிருப்பார்கள். 6500 என்றால் நீலம் கூடிய வெள்ளை, 4000 நடுத்தர வெள்ளை, 2700 இளமஞ்சள், 2200 ஏறக்குறைய மெழுகுவத்தி நிறம். வெளிவிளக்குக்கு 3000ஐத் தாண்ட வேண்டாம். 2200 கிடைத்தால் அதுவே மேல்.

எதை இழக்கிறோம்

1943இல் போர்க்கால இருட்டடிப்பு லாஸ் ஏஞ்சலஸ் நகரை மங்கச் செய்திருந்தது. நகருக்கு மேலே இருக்கும் மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியை அப்போது பெரும்பாலும் வால்ட்டர் பாடே ஒருவரே பயன்படுத்திவந்தார். ஜெர்மன் குடிமகன் என்பதால் அவரைப் போர்ப் பணிக்கு அழைக்கவில்லை. ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளின் நடுப்பகுதி அதுவரை எல்லாப் படங்களிலும் வெறும் புகைமூட்டமாகத்தான் விழுந்திருந்தது. பாடே அதைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பதிவுசெய்தார். விண்மீன்களில் இரண்டு வெவ்வேறு தலைமுறைகள் உண்டு என்ற கருத்து அங்கிருந்துதான் பிறந்து 1944இல் வெளியானது. தொலைநோக்கி அதேதான், மலையும் அதேதான். கீழே விளக்குகள் குறைந்திருந்தன.

தொலைநோக்கி இருந்தால் வான் ஒளிர்வைச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றை நகர நடுவிலிருந்தும் நன்றாகப் பார்க்கலாம். விண்மீன் திரள் போன்ற பரந்து மங்கிய பொருள்களில் அந்த வித்தை பலிக்காது. கருவி திரளைப் பெரிதாக்கும்போது அதன் பின்னணியையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூடுவதே இல்லை. சோடியம் காலத்தில் ஒளி மாசு வடிப்பான் என்று விற்றவை ஓரளவு உதவின. எல்இடி எல்லா நிறத்திலும் பரவலாக ஒளிர்வதால் அவை இப்போது பெரும்பாலும் பயனற்றவை. ஒளிரும் வாயு மேகங்களுக்கான குறுகிய பட்டை வடிப்பான் மட்டும் இன்றும் வேலை செய்யும். திரள்களுக்கு எந்த வடிப்பானும் இல்லை, வண்டியேறிப் போவதுதான் வழி.

2016இல் வெளியான செயற்கை வான் ஒளிர்வு உலக வரைபடத்தின்படி, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்கினர் தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது. வட அமெரிக்காவில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஐரோப்பாவில் 60 விழுக்காடு. உண்மையிலேயே இருண்ட இடத்தில் விருச்சிகம், தனுசு பக்கத்துப் பால்வீதி தரையில் மங்கலான நிழல் விழவைக்கும் அளவுக்கு ஒளிரும். அங்கே மேகம் வந்தால் அது வெண்மையாகத் தெரியாது, விண்மீன்களுக்கு நடுவே கறுப்பு ஓட்டையாகத் தெரியும். இருண்ட இடத்தை அடையாளம் காண மிக எளிய சோதனை இதுதான். கருவியே வேண்டாம்.

விலங்குகளுக்கு இழப்பு இன்னும் நேரடியானது. ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். முழு நிலவின் ஒளி தரையில் கால் லக்ஸைச் சுற்றித்தான் இருக்கும். சாதாரணக் குடியிருப்புத் தெருவிளக்கின் கீழே 5 முதல் 10 லக்ஸ். பல கோடி ஆண்டுகளாகக் கால் லக்ஸை உச்சமாகக் கண்டு பழகிய உயிர்களுக்கு இது இரவே அல்ல. முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சு, இருண்டு உயர்ந்த கரைப்பக்கத்தைவிட்டு, தாழ்வான வெளிச்சத் தொடுவானத்தை நோக்கி நகரும். இயற்கையில் அது கடல். விளக்கு எரியும் கரையில் அது சாலை. ஆமைகள் முட்டையிடும் கரைகளில் 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீள விளக்குகளையும், தாழ்வான, மூடிய அமைப்பையும் புளோரிடாவில் பரிந்துரைக்கிறார்கள். பூச்சிகளின் கதை இன்னும் விநோதம். 2024இல் அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்துப் பார்த்தபோது, அவை விளக்கால் ஈர்க்கப்படுவதாகத் தெரியவில்லை. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சப் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டுதான் எது மேல், எது கீழ் என்று தீர்மானிக்கிறது. பக்கவாட்டில் விளக்கு இருந்தால் உடலைச் சாய்த்து, வெளியேற வழியின்றி அதையே சுற்றுகிறது. நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றும் ஒளிக்கற்றைகளில் வலசைப் பறவைகளும் இப்படித்தான் சிக்கிச் சுற்றுகின்றன. எண்ணிக்கை மிகும்போது சுமார் 20 நிமிடம் அணைத்துவிடுவார்கள். பறவைகள் சில நிமிடங்களில் கலைந்து போய்விடும். ஒளி மாசின் ஒரே நல்ல குணம் இதில் தெரிகிறது. விசையை அணைத்த நொடியில் அது முடிந்துவிடும், ஆற்றிலோ மண்ணிலோ தங்காது.

மனித உடலைப் பற்றி அச்சமூட்டும் பேச்சு நிறைய உலவுகிறது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம் விழித்திரையின் சில செல்களைத் தூண்டி மெலடோனின் என்ற உறக்க ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கும் என்பது உறுதியான செய்தி. ஆனால் அறைவிளக்கும் திரையும் தரும் அளவு, ஜன்னல் வழியே வரும் தெருவிளக்கைவிட வழக்கமாக அதிகம். வானத்துக்காக வாதாடுபவர்கள் உடல்நலக் காரணத்தை முன்னால் வைக்காமல் இருப்பதே நல்லது.

நீங்களே அளக்கலாம்

வெறும் கண்ணால் தொடங்கலாம். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் ஆகட்டும், நிலா வானில் இருக்கக்கூடாது. விளக்கு நேரே கண்ணில் படாத இடத்தில் 20 முதல் 30 நிமிடம் இருங்கள். கோல் செல்கள் முழுமையாகப் பழக அவ்வளவு நேரம் தேவை. நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் பழகியதில் பெரும்பகுதி போய்விடும். வெளிச்சம் கட்டாயம் வேண்டுமென்றால் மிக மங்கிய சிவப்பு மட்டும். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக் கூட்டம் தலைக்குமேல் வரும் மாதங்களில் அதில் எத்தனை விண்மீன் பிரிந்து தெரிகிறது என்று எண்ணுங்கள். விண்மீனின் பொலிவெண் கூடக்கூட அது மங்கல் என்று பொருள். கூட்டத்தின் மிகப் பிரகாசமான விண்மீன் 2.9. நான்கு தெரிந்தால் உங்கள் எல்லை ஏறத்தாழ 3.9. ஆறு தெரிந்தால் 4.3. ஏழாவது 5ஐ ஒட்டியது, அதுவும் பக்கத்து விண்மீனோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் பிரிப்பது கடினம். எட்டு, ஒன்பது தெரிந்தால் ஐந்தரையைத் தாண்டிவிட்டீர்கள், நல்ல வானம். நேரே உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் மங்கியவை எட்டிப்பார்க்கும், ஏனென்றால் விழித்திரையின் நடுமையத்தில் கோல் செல்களே இல்லை.

எண்ணாக வேண்டும் என்றால் எஸ்க்யூஎம் எனப்படும் கையடக்க வான் ஒளிர்வு அளவி இருக்கிறது. சதுர வில்விநாடிக்கு, அதாவது வானத்தின் மிகச் சிறிய ஒரு சதுரத்துக்கு, எத்தனை பொலிவெண் என்று காட்டும். இதிலும் எண் பெரிதானால் வானம் இருட்டு. மாசற்ற வானம் 22ஐ ஒட்டி நிற்கும். அதற்கு மேல் அதிகம் போகாது, ஏனெனில் மேல் வளிமண்டலம் தானாகவே மெல்ல ஒளிர்கிறது. நகர நடுவில் 17, 18 வரும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்சம்.

கருவியைத் தலைக்குமேல் தூக்கி உச்சிவானைக் காட்டி நான்கு முறை எடுங்கள். முதல் வாசிப்பை விட்டுவிட்டு மற்ற மூன்றைச் சராசரி செய்யுங்கள். தவறுவது பெரும்பாலும் இடத் தேர்வில்தான். மரமோ கட்டடமோ வானத்தை மறைத்தால் வானம் இருட்டு என்று பொய்யாகக் காட்டும். பக்கத்தில் தெருவிளக்கு இருந்தால் எதிர்ப்பக்கம் பொய் சொல்லும், அதிலும் லென்ஸ் இல்லாத பழைய மாதிரி அகன்ற கோணத்தில் பார்ப்பதால் இன்னும் அதிகமாக. பால்வீதி உச்சியில் இருந்தால் இருண்ட இடத்திலும் வாசிப்பு சற்றுக் குறையும். மெல்லிய மேகம் நகரத்தில் வானத்தைப் பல மடங்கு பிரகாசமாக்கிவிடும். அந்த இரவின் கணக்கைச் சேர்க்காதீர்கள்.

விளக்கைத் திருத்துவது

இருட்டியபின் உங்கள் மனையின் எல்லைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். ஒளிரும் பல்போ சில்லோ நேரே கண்ணுக்குத் தெரிந்தால் மறைப்புப் போதவில்லை. கையை நீட்டி விளக்கை மட்டும் மறையுங்கள். மறைத்தபின் சுற்றுப்புறம் இன்னும் தெளிவாகத் தெரிகிறதா? அப்படியானால் அந்த விளக்கு காட்டுவதைவிட மறைப்பதே அதிகம். பாதுகாப்புக்கென்று போட்ட வெள்ளை ஃப்ளட் லைட்டுகள் பல இந்தச் சோதனையில் தோற்கும். அவற்றின் நிழலுக்குள் ஒருவர் நின்றால் தெரியவே தெரியாது.

தட்டைக் கண்ணாடி தரைக்கு இணையாக, கீழ்நோக்கி இருக்கும் அமைப்புள்ள விளக்குகள் சிறந்தவை. உருண்டைக் குடுவை விளக்கு தன் ஒளியில் ஏறக்குறைய பாதியை மேலே அனுப்பும், அதைத் திருத்துவதைவிட மாற்றிவிடலாம். ஃப்ளட் லைட்டுக்கு மேல்விளிம்பில் அலுமினியத் தகட்டை வளைத்துத் திருகி, உட்புறம் மங்கிய கறுப்பு பூசினால் போதும். விளக்கின் கண்ணாடி மேலேயே பெயின்ட் பூசாதீர்கள், பின்புற வெப்பச் சிறகுகளையும் மூடாதீர்கள். சூடு வெளியேறாமல் சில்லு சீக்கிரமே மங்கிவிடும்.

வாசலுக்கு 500 முதல் 800 லூமென் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) தாராளம். எல்இடி மின்சாரம் மிச்சம் பிடிக்கும் என்பதற்காக இரண்டு மடங்கு பிரகாசமானதை வாங்கி மாட்டுவதுதான் நடப்பு. வானம் இவ்வளவு வேகமாக வெளுத்ததில் அதற்கும் பங்குண்டு. அசைவு உணரி போட்டால் இன்னும் நல்லது. அது நேரே எதிரில் வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரைத்தான் எளிதில் பிடிக்கும், அதனால் நடைபாதைக்குப் பக்கவாட்டில் 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் வையுங்கள். எரியும் நேரத்தை இரண்டு மூன்று நிமிடமாகக் குறையுங்கள். காரணமின்றி எரிகிறது என்றால் பார்வைக்குள் ஆடும் கிளையோ, சாலையோ, குளிர்சாதனத்தின் வெப்பக் காற்றோ இருக்கும். உணரியின் முகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் ஒளிபுகா நாடாவால் மறையுங்கள்.

தெருவிளக்கை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. அமெரிக்காவின் டூசான் நகரில் 2019இல் சில இரவுகள் தெருவிளக்குகளின் அளவை மாற்றி மாற்றிச் செயற்கைக்கோளால் அளந்தார்கள். நள்ளிரவுக்குப் பின் நகரிலிருந்து மேலே போன வெளிச்சத்தில் தெருவிளக்கின் பங்கு 13 விழுக்காடுதான். மற்றவை விளம்பரப் பலகைகள், வாகன நிறுத்தங்கள், கட்டட முகப்புகள், விளையாட்டுத் திடல்கள், வீடுகள். மனு எழுதுபவர்கள் பட்டியலை அங்கிருந்து தொடங்கலாம்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், நிலா இல்லாத இரவில், ஒரே மணிக்கு அளங்கள்; பின்னிரவில் கடைகள் அணைந்துவிடுவதால் மணி மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரு வீட்டின் விளக்கை மட்டும் மாற்றினால் உச்சிவானின் வாசிப்பு அசையாது, முற்றத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஒரு பகுதி முழுக்க மாறினால் கருவியில் பதிவாகும். வாசிப்பு 0.1 ஏறினால் வான் வெளிச்சம் சுமார் 9 விழுக்காடு குறைந்திருக்கிறது, 0.3 ஏறினால் கால்வாசி, 0.75 ஏறினால் பாதி.